நண்டு ஏன் சாய்ந்தது?

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நண்டு சாய்ந்து விழுந்தது.

நண்டு என்பது ஒரு கார். ரிமோட்டில் ஓடுகிற, பாறை ஏறுகிற கார். ஒரு முழ நீளம் இருக்கும். வேகம் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஓர் ஆமை கொஞ்சம் மனசு வைத்தால் அதை முந்திவிடும். ஆனால் அதன் நான்கு பெரிய சக்கரங்களும் தனித்தனியே ஏறும், இறங்கும். கல்லைத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டு நகரும். அந்த நடையைப் பார்த்துத்தான் செரினா அதற்கு நண்டு என்று பெயர் வைத்தாள்.

வாய்க்கால் ஓரத்துச் சிறிய பூங்காவில் அழகுக்காக ஐந்தாறு பாறைகளைப் போட்டிருந்தார்கள். அவற்றில் பெரியது செரினாவின் இடுப்பு உயரம். மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா குடை பிடிக்க, செரினா ரிமோட்டை அழுத்தினாள்.

நண்டு பாதிப் பாறை வரை ஏறியது. அதன் இடது முன்சக்கரம் ஒரு வெடிப்புக்குள் இறங்கியது. அப்போது வலது பின்சக்கரமும் கீழே இறங்கிக் கல்லைப் பிடித்திருக்க வேண்டும். அது இறங்கவில்லை. காற்றில் சும்மா சுற்றியது. பஸ்ஸில் தூங்கும் ஆள் பக்கத்து ஆளின் தோளில் சாய்வதுபோல, நண்டு மெல்ல இடது பக்கம் சாய்ந்து, உருண்டு புல்லில் விழுந்தது.

"மறுபடியுமா?" என்றார் அப்பா.

செரினா குனிந்து காரை எடுத்தாள். நண்டு ஏன் சாய்ந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நேற்று மாலை அதன் பின்பக்கத் திருகு ஒன்றை அழுத்தி முறுக்கி வைத்ததே அவள்தான்.

செரினாவுக்குப் பதினோரு வயது. அவளும் அம்மாவும் புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். அப்பா ஜார்ஜ், நகரின் மறுபக்கம் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில், வாடகை அறையில் இருந்தார். செப்டம்பர் மாதத்திலிருந்து இப்படித்தான்.

"டாடியும் மம்மியும் கொஞ்ச நாள் தனித்தனியா இருக்கப் போறோம்," என்று அம்மா சொன்னார்.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று செரினா கேட்டாள். அம்மா துணி மடித்துக்கொண்டே, "பார்க்கலாம்," என்றார். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பார்க்கலாம்மா," என்றார். இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அப்பா போன அன்று, நண்டு பாதிதான் கட்டி முடிந்திருந்தது. இருவரும் சேர்ந்து வாங்கி, சேர்ந்து கட்டத் தொடங்கிய கார் அது. அதனால் ஞாயிறுதோறும் செரினா காரை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் போவாள். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில். எங்கும் மாற வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு அப்பா அவளைத் திரும்ப ரயிலேற்றிவிடுவார்.

அந்தச் சில மணி நேரத்தில் இருவரும் பேசியதெல்லாம் காரைப் பற்றித்தான். அதிலும் பெரும்பாலும் ஷாக்கைப் பற்றி.

ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் ஒரு ஷாக் உண்டு. அது ஒரு சின்னக் குழாய். உள்ளே எண்ணெய், வெளியே ஸ்பிரிங். ஸ்பிரிங் சக்கரத்தைக் கீழே தள்ளும். எண்ணெய் அது துள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஸ்பிரிங் ரொம்ப இறுகினால் சக்கரம் கல்லை விட்டு எழும்பிவிடும். ரொம்பத் தளர்ந்தால் கார் ஒரு பக்கமாகத் தொங்கிச் சாயும். நான்கும் சரியாக அமைந்துவிட்டால், எப்படிப்பட்ட மேடு பள்ளத்திலும் நான்கு சக்கரமும் தரையிலேயே இருக்கும்.

அப்படிச் சரியாக அமைந்த நாள் ஒன்றும் வந்தது. நவம்பர் மாதம், முதல் ஞாயிறு. நண்டு பெரிய பாறையின் உச்சியில் ஏறி நின்றது. செரினா கத்திய கத்தலில் புறாக்கள் பறந்தன. அப்பாவும் கைதட்டினார்.

பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்பாடா, வேலை முடிஞ்சுது. இனிமே நீயே வீட்டுப் பக்கத்துல ஓட்டிக்கலாம். மழை வேற ஆரம்பிச்சிடுச்சு. ஒவ்வொரு வாரமும் இவ்ளோ தூரம் அலையணும்னு இல்ல."

செரினா தலையாட்டினாள். ரயிலில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான் காதில் கேட்டது. முடிஞ்சுது.

அடுத்த சனிக்கிழமை மாலை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் நண்டை எடுத்தாள். வலது பின் ஷாக்கின் மேல் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் வளையத்தை இரண்டு சுற்று இறுக்கினாள். பிறகு அப்பாவுக்கு போன் செய்தாள்.

"டாடி, நண்டு சரியா ஏற மாட்டேங்குது. நாளைக்கு வரட்டா?"

"அப்படியா? சரி, எடுத்துட்டு வா. பார்க்கலாம்."

இப்படித்தான் அது தொடங்கியது. அடுத்த வாரம் ஒரு ஷாக்கிலிருந்து பாதி எண்ணெயை எடுத்தாள். அதற்கடுத்த வாரம் முன் ஸ்பிரிங்கைப் பின்னாலும், பின் ஸ்பிரிங்கை முன்னாலும் மாற்றிப் போட்டாள். நான்காவது வாரம் ஷாக்கின் மேல்முனையை வேறு துளையில் மாட்டினாள். ஐந்தாவது வாரம்தான் இந்தத் திருகு.

தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த வாரம் நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பாள். சனிக்கிழமை வந்ததும் கை தானாகத் திருகு முடுக்கும் ஆலன் கீயைத் தேடும்.

பூங்காவில் மழை வலுத்தது. இருவரும் நனைந்த காரோடு அறைக்குத் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவெங்கும் கூட்டம். குடைகளுக்குள் புகுந்து நடந்து, காய்கறிக் கடையின் பக்கவாட்டில் இருந்த குறுகிய படியில் ஏறினார்கள்.

மாடியில் பக்கத்து அறை ரவூப் அங்கிளுடையது. அவர் ஒரு பிரியாணிக் கடையில் சமையல்காரர். பனியனோடு கதவருகே நின்று காரை எட்டிப் பார்த்தார்.

"என்ன ஜார்ஜ், நண்டு இன்னைக்கும் வழுக்கிடுச்சா? பேசாம என்கிட்ட குடுங்க லா. மிளகு போட்டு வறுத்துடுறேன்."

எப்போதும் இதற்கு அப்பா சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. ரவூப் அங்கிள் செரினாவைப் பார்த்தார். உள்ளே போய், ஒரு தட்டில் இரண்டு வடையை வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தின் சுவர், அதில் வழியும் மழைத்தண்ணீர். அப்பா காரை மேசைமேல் ஒரு டப்பாவின் மீது நிறுத்தினார். நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்கின. ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு விரலால் தூக்கி விட்டுப் பார்த்தார். மூன்று சக்கரங்கள் மெதுவாக இறங்கின. வலது பின்சக்கரம் மட்டும் பாதியிலேயே நின்றது.

"இதோ," என்றார் அப்பா. ஷாக்கின் அடியில் இருந்த திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். சக்கரம் இறங்கியது. கண்டுபிடித்துவிட்டார். அதற்கு அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆனால் அவர் முகம் மலரவில்லை. கையில் இருந்த ஆலன் கீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் இதை நான்தானே மாட்டினேன்? இவ்ளோ டைட்டாவா மாட்டினேன்?"

செரினாவின் வாயில் இருந்த வடை கல்லாகிவிட்டது.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அந்தப் பழக்கத்தில், காருக்கும் ஒரு நீல நோட்டு வைத்திருந்தார். தேதி, என்ன கோளாறு, என்ன செய்தேன் என்று ஒவ்வொரு வாரமும் எழுதுவார். இன்று நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, எழுதாமல் மூடிவைத்தார்.

"நான் சரி பண்றது எதுவும் நிக்க மாட்டேங்குது செரினா," என்றார்.

"அப்படியெல்லாம் இல்ல டாடி."

"இல்லம்மா. போன மாசம் ஒரு அடுக்குமாடி புளோக்ல லிஃப்ட் சரி பண்ணிட்டு வந்தேன். ரெண்டு நாள்ல மறுபடி நின்னுடுச்சு. ஒரு பாட்டி மார்க்கெட் பையோட ஒன்பது மாடி ஏறியிருக்காங்க. இப்ப என்னைத் தனியா விடுறதில்ல. செக் பண்றதுக்கு இன்னொருத்தரைக் கூட அனுப்புறாங்க." அவர் ஜன்னலைப் பார்த்தார். "அது போகட்டும்னு பார்த்தா, ஒரு பொம்மைக் கார். அதுவும் வாரா வாரம் புதுசு புதுசா ஏதோ ஒண்ணு. எனக்குக் கை போயிடுச்சுபோல."

அப்பா இவ்வளவு பேசி செரினா கேட்டதே இல்லை. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். கையில் மீதியிருந்த வடையைத் தட்டில் வைத்தாள்.

"அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை பார்ப்போம்," என்றார் அப்பா. "ஏறலைன்னா விட்டுடலாம். சர்ச்சுல உன் வயசுப் பிள்ளைங்க இருக்காங்க. லீவுல அவங்களோட விளையாடு. இங்க வந்து என்கூட உட்கார்ந்து என்ன பண்ணப் போற?"

ரயிலில் செரினா பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நண்டு ஏறாவிட்டால் எல்லாம் முடிந்தது. ஏறிவிட்டாலும் முடிந்ததுதான். எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரே சுவரில்தான் போய் இடித்தது.

வீட்டில் அம்மா கிறிஸ்துமஸ் பாட்டுத் தாள்களை மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். அம்மா லொரைன்தான் சர்ச் பாடற்குழுவின் தலைவி.

"டாடி சாப்பிட்டாரா?"

"ம்."

"என்ன சாப்பிட்டார்?"

"ரவூப் அங்கிள் குடுத்த வடை."

"மத்தியானமுமா?"

"தெரியல மம்மி."

அம்மா ஒரு தாளை எடுத்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். எதையும் படிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லலாமா என்று செரினா ஒரு நிமிடம் நின்றாள். சொன்னால் அம்மா அப்பாவுக்கு போன் செய்வார். அப்புறம் அது அவர்கள் இரண்டு பேரின் சண்டையாகிவிடும். இது அவர்கள் செய்தது இல்லை. அவள் செய்தது.

அந்த வாரம் முழுக்க மழை. பள்ளி விடுமுறை. கீழே விளையாட்டுத் திடலில் ஒரு பிள்ளையும் இல்லை. செரினா ஜன்னலோரம் உட்கார்ந்து, மேம்பாலத்தில் ஓடும் எல்ஆர்டி ரயில் ஈரமாக வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாலை அவள் நண்டைத் தரையில் வைத்தாள். ஆலன் கீயையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நான்கு சக்கரமும் ஒரே மாதிரி ஏறின, ஒரே மாதிரி இறங்கின. அப்பா வைத்தது வைத்தபடியே இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எதையும் தொடாமல் காரைப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தூறல் நின்றிருந்தது. ஆனால் வானம் ஈயப் பாத்திரம்போல இருண்டே கிடந்தது. பூங்காவில் வேறு யாரும் இல்லை.

"நீங்களே ஓட்டுங்க டாடி," என்று ரிமோட்டை அப்பாவிடம் கொடுத்தாள் செரினா.

நண்டு பாறையைத் தொட்டது. முன்சக்கரங்கள் ஏறின. அந்த வெடிப்பு வந்தது. இடது முன்சக்கரம் உள்ளே இறங்கியது. வலது பின்சக்கரம் மெல்லக் கீழே நீண்டு, ஈரக் கல்லைப் பற்றிக்கொண்டது. நண்டு ஒருமுறை குலுங்கியது. ஆனால் சாயவில்லை. ஓர் அங்குலம், இன்னோர் அங்குலம், இன்னும் கொஞ்சம் என்று நகர்ந்து, உச்சியில் போய் நின்றது.

"டாடி! ஏறிடுச்சு!"

"ம்," என்றார் அப்பா.

அவ்வளவுதான். காரை இறக்கினார். இன்னொரு முறை ஏற்றினார். ஏறியது. மூன்றாவது முறையும் ஏறியது. அப்பாவின் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. அப்போது சடசடவென்று மழை பிடித்துக்கொள்ள, இருவரும் அறைக்கு ஓடினார்கள்.

அறையில் அப்பா தலையைக்கூடத் துவட்டவில்லை. நீல நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் புரட்டுவார். காரைப் பார்ப்பார். திரும்பப் புரட்டுவார்.

"என்ன டாடி தேடுறீங்க?"

"இன்னைக்கு ஏறுதுன்னா, இத்தனை வாரமா நான் என்னமோ தப்பு பண்ணியிருக்கேன். அது என்னன்னு தெரியணும்ல? தெரியலன்னா மறுபடி அதையேதான் பண்ணுவேன். கார்லயும் பண்ணுவேன். லிஃப்ட்லயும் பண்ணுவேன்."

அவர் விரல் ஒவ்வொரு வரியாக நகர்ந்தது. இல்லாத ஒரு தப்பை அந்த விரல் தேடிக்கொண்டிருந்தது. எத்தனை முறை புரட்டினாலும் அந்த நோட்டில் அது கிடைக்காது.

செரினாவால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

"டாடி, அதுல இருக்காது."

"எதுல?"

"நோட்டுல. நீங்க தப்பு பண்ணல. நான்தான் பண்ணேன். சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் நண்டைக் கெடுத்தேன்."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. அவளையே பார்த்தார். "நீயா?"

"ம்."

"எல்லா வாரமும்?"

"அஞ்சு வாரம். இந்த வாரம் மட்டும் தொடல."

அப்பா எழுந்தார். ஜன்னல் அருகே போய் அவளுக்கு முதுகு காட்டி நின்றார். எதிர்ச்சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பக்கத்து அறையில் ரவூப் அங்கிளின் ரேடியோ மெல்லக் கேட்டது. அப்பா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று செரினாவுக்கு இருந்தது.

"நான் என்னென்னவோ நினைச்சுக்கிட்டேன் தெரியுமா?" என்றார் அவர், திரும்பாமலே. "வேலைக்கே லாயக்கில்லாம போயிட்டேன்னு நினைச்சேன்."

"சாரி டாடி."

"எதுக்கும்மா அப்படிப் பண்ண?"

செரினாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. "நீங்கதானே சொன்னீங்க, வேலை முடிஞ்சுதுன்னு. இனிமே அலைய வேணாம்னு. கார் நல்லாயிட்டா நான் என்ன சொல்லிட்டு வர்றது?"

அப்பா திரும்பினார். கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்குச் சிரமமா இருக்குமேன்னு சொன்னேன்," என்றார் தணிந்த குரலில். "இந்த ரூம்ல என்ன இருக்கு? டிவிகூட இல்ல. உனக்கு போர் அடிக்கும்னு நினைச்சேன்."

"அடிக்கல."

செரினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசைக்குப் போனாள். நீல நோட்டை எடுத்துவந்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

"இதைப் பாருங்க. முதல் வாரம் நான் வளையத்தை ரெண்டு சுத்து இறுக்கினேன். நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

அப்பா படித்தார். "வலது பின் வளையம், ரெண்டு சுத்து அதிகம்."

"ரெண்டாவது வாரம் எண்ணெய் எடுத்தேன்."

"இடது முன் ஷாக், எண்ணெய் பாதி."

"நான் கெடுத்ததை ஒண்ணு விடாம கண்டுபிடிச்சிருக்கீங்க டாடி. அஞ்சுக்கு அஞ்சு. யாரோ வேணும்னே கெடுக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அப்பவும் கண்டுபிடிச்சீங்க. நீங்க சரி பண்ணினது எதுவும் மறுபடி கெடவும் இல்ல. முதல் வாரம் வெச்ச வளையம் இன்னும் அப்படியேதான் இருக்கு. எண்ணெய் ஒரு சொட்டுகூட ஒழுகல. வேணும்னா பாருங்க."

அப்பா எழுந்து காரைத் தூக்கினார். வளையத்தைப் பார்த்தார். ஷாக்கின் அடியை விரலால் துடைத்துப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. இறுகியிருந்த அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

"மூணாவது வாரம் ஸ்பிரிங்கை மாத்திப் போட்டியே," என்றார். "அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு மணி நேரம் ஆச்சு."

"மாத்த எனக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு."

அப்பா அவளை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. உதட்டோரம் ஆடிவிட்டது.

"ஆனா அந்த லிஃப்ட் நின்னது நின்னதுதானே," என்றார்.

"அதை நான் கெடுக்கல டாடி. சத்தியமா."

இதற்கு அப்பா சத்தமாகவே சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீரைத் துடைத்தாரா, வேறு ஏதாவதா என்று செரினாவுக்குத் தெரியவில்லை.

"இனிமே இப்படிப் பண்ணாத. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"பண்ண மாட்டேன்."

பிறகு, இத்தனை மாதமாக அவள் மடித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். "நீங்க எப்ப டாடி வீட்டுக்கு வருவீங்க?"

பார்க்கலாம் என்று சொல்வார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். "மம்மிக்கும் தெரியாது. வராமலும் போகலாம்."

அது நல்ல பதில் இல்லை. ஆனாலும் அப்பா அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். செரினா அப்பாவின் ஈரத் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்பா அவள் தலையில் கை வைத்தார். மழை நின்றபாடில்லை.

மணி நான்குகூட ஆகவில்லை. மேசைமேல் நண்டு நான்கு சக்கரத்திலும் சரியாக நின்றது. சரி செய்ய ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருவரும் இப்படி உட்கார்ந்து பழக்கமே இல்லை. அப்பா தொண்டையைச் செருமினார்.

"கேரல் பாட்டுப் பிராக்டிஸ் எல்லாம் எப்படிப் போகுது?"

"நான் பாடுறதில்ல. வாயை மட்டும் அசைப்பேன்."

"ஏன்?"

"போன தடவை நான் பாடினப்போ, மம்மி பியானோ ரிப்பேர் ஆயிடுச்சுன்னு நினைச்சு நிறுத்திட்டாங்க."

அப்பா கட்டிலில் சாய்ந்து சிரித்தார். "உனக்கு என் தொண்டை. நான் ஒரு தடவை கோவில்ல பாடினேன். ஃபாதர் பூசை முடிஞ்சதும் கூப்பிட்டு, நீ நாற்காலி அடுக்குற வேலையைப் பார்த்துக்கோன்னு சொல்லிட்டார்."

இது செரினாவுக்குத் தெரியாத கதை. "அப்புறம்?" என்றாள். அப்பா சொன்னார். அதிலிருந்து வேறொரு கதை கிளம்பியது. செரினாவிடமும் சொல்ல நிறைய இருந்தது. வகுப்பில் அழிப்பானைத் தின்கிற பையன் ஸைஃபைப் பற்றி, அடுத்த வருடம் வரப்போகும் பி.எஸ்.எல்.இ. அரசுத் தேர்வை நினைத்தாலே கை வியர்ப்பதைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை இரவில் வீடு எப்படி அமைதியாகிவிடும் என்பதைப் பற்றி. கடைசியாகச் சொன்னதை அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார்.

நடுவில் ரவூப் அங்கிள் கதவைத் தட்டினார். "என்ன, இன்னைக்கு மோட்டார் சத்தமே காணோம்? நண்டு செத்துடுச்சா?"

"பிழைச்சிடுச்சு அங்கிள்," என்றாள் செரினா.

"அடடா. மிளகெல்லாம் இடிச்சு வெச்சிட்டேனே."

அவர்கள் படியிறங்கியபோது மணி ஆறரை தாண்டியிருந்தது. தெருவிளக்குகள் ஈரத் தரையில் மஞ்சளாகக் கரைந்திருந்தன. ஒரே குடைக்குள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருவரும் ரயில் நிலையம் வரை நடந்தார்கள். அப்பாவின் இடது தோளும் செரினாவின் வலது தோளும் நனைந்தன.

நுழைவாயிலில் அப்பா பெட்டியை அவளிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பெட்டியின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த வாரமும் மழைதான்னு நியூஸ்ல சொன்னாங்க," என்றார்.

செரினா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"காரை வீட்லயே வெச்சிடு. நீ மட்டும் வா."